ஊர்ப் புகார் இணையதளத்தை மூடுவதா, நடத்துவதா: முடிவெடுக்கும் முறை

தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, குப்பை வண்டி வரவில்லை என்று மக்கள் எழுத, அதை உரிய அலுவலகத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவதாகச் சொல்லித் தொடங்கிய தளம் ஒன்று தள்ளாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். குழுவில் "மூடிவிடலாமா" என்ற பேச்சு வந்ததும் ஒருவர் வருகை எண்ணிக்கையை எடுத்து நீட்டுவார். இன்னொருவர் செலவுக் கணக்கைக் காட்டுவார். மூன்றாமவர் தளத்தைக் கட்ட எத்தனை இரவு விழித்தோம் என்பார். இந்த மூன்றை வைத்து முடிவெடுத்தால் அநேகமாகத் தப்பான முடிவுதான் வரும். புகார்ப் படிவம் திறந்திருக்கும் வரை தளம் மக்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது: எழுதுங்கள், உரியவரிடம் சேர்க்கிறோம். அந்த வாக்கு காப்பாற்றப்படுகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. மூடுவது என்பது ஒரே முடிவு அல்ல. படிவம், பழைய பதிவுகள், டொமைன் (தளத்தின் இணைய முகவரிப் பெயர்), பின்னால் இருக்கும் சங்கம் அல்லது அறக்கட்டளை ஆகிய நான்கையும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டும். படிவத்தை இந்த வாரமே நிறுத்த வேண்டியிருக்கலாம். டொமைனை ஐந்து ஆண்டு கழித்தும் விடக் கூடாமல் இருக்கலாம். நான்கையும் ஒரே கூட்டத்தில் ஒரே வாக்கெடுப்பில் முடிக்கப் பார்ப்பதால்தான் பல குழுக்கள் எதையும் முடிக்காமல் எழுந்து போகின்றன.

நாற்பது புகாரை எடுத்துத் தோண்டுங்கள்

கூட்டம் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. கடந்த 12 மாதப் புகார்களை வரிசை எண்படி அடுக்குங்கள். 400 இருந்தால் ஒவ்வொரு பத்தாவதையும் எடுங்கள். 200 இருந்தால் ஒவ்வொரு ஐந்தாவதை. நினைவில் நிற்கும் நல்ல புகார்களைப் பொறுக்கினால் கணக்கு பொய்யாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம் போடுங்கள்: அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டதா, அங்கே மனு எண் விழுந்ததா, பதில் வந்ததா, வேலை நடந்ததா, புகார் போட்டவருக்கு அது தெரியுமா.

முதல் மூன்று கட்டத்தை உங்கள் பதிவுகளிலிருந்தே நிரப்பிவிடலாம். கடைசி இரண்டுக்குப் போன் போடத்தான் வேண்டும். அலுவலக மென்பொருளில் "தீர்வு காணப்பட்டது" என்று இருப்பதை நம்பி டிக் போட வேண்டாம். "வேறு துறைக்கு அனுப்பப்பட்டது" என்பதும் அங்கே தீர்வுக் கணக்கில் சேர்ந்திருக்கலாம். ஓர் அழைப்புக்கு ஐந்து நிமிடம் போதும்; இரண்டு பேர் இரண்டு மாலையில் முடித்துவிடலாம். கேட்க வேண்டியவை இரண்டே கேள்வி. நீங்கள் எழுதிய பிரச்சினை என்ன ஆயிற்று? அடுத்த முறை இப்படி ஏதாவது நடந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?

இரண்டாவது கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். "வார்டு கவுன்சிலருக்கு வாட்ஸ்அப் பண்ணுவேன்", "லைன்மேன் நம்பர் இருக்கு", "1100-க்கு அடிப்பேன்" என்ற பதில்களே பாதிக்கு மேல் வந்தால், மக்கள் உங்கள் தளத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்று பொருள். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. சென்னை மாநகராட்சியின் 1913, முதல்வரின் உதவி மையம் 1100, மின்சாரத்துக்கான மின்னகம் ஆகியவை நடைமுறைக்கு வருவதற்கு முன் தேவைப்பட்ட தளம் இன்று தேவைப்படாமல் போகலாம்.

வருகை எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் பாதி தேடுபொறிகளின் தானியங்கி நிரல்களாக இருக்கலாம். மீதியில் பெரும்பகுதி, நீங்கள் எப்போதோ ஏற்றி வைத்த ஏதோ ஒரு விண்ணப்பப் படிவத்தைத் தேடி வருபவர்களாக இருக்கலாம். பார்க்க வேண்டிய எண் வேறு: மாதத்துக்கு எத்தனை புதிய ஆட்கள் முதல் புகாரைப் போடுகிறார்கள், ஒருமுறை போட்டவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள். நூறு புகாரில் எழுபதை அதே ஆறு பேர் போட்டிருந்தால் உங்களிடம் இருப்பது ஊரின் தளம் அல்ல; சுறுசுறுப்பான ஆறு பேரின் மனுப் பெட்டி. அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு போதும்.

நோய் எது என்று பிரித்துப் பாருங்கள்

நாற்பது புகாரின் அட்டவணை கையில் இருந்தால், தளம் ஏன் தள்ளாடுகிறது என்பது மூன்றில் ஒன்றாகத் தெரியவரும். மக்கள் வரவில்லை; வருகிறார்கள், ஆனால் அலுவலகத்திலிருந்து பதில் இல்லை; எல்லாம் சரி, நடத்த ஆள் இல்லை. மூன்றுக்கும் மருந்து வேறு.

மக்கள் வரவில்லை என்றால், வேறு வழி அவர்களுக்குக் கிடைத்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள். கிடைத்திருந்தால் மூடுங்கள். இந்தக் கட்டத்தில் "ஒரு ஆப் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். தளத்துக்கு வராதவர் ஆப்பை இறக்கி வைத்துக்கொள்ளப் போவதில்லை.

பதில் இல்லை என்பதுதான் அதிகம் கவனிக்க வேண்டிய நோய். ஏனென்றால் இது பல சமயம் குணமாகக்கூடியது. அதிகாரிகள் அலட்சியம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நாற்பது புகாரையும் ஒன்றொன்றாகப் படித்தால், தப்பான அலுவலகத்துக்கு அனுப்பியதே காரணம் என்று பல நேரம் தெரியும். தெருவிளக்கு எரியாதது நகராட்சி அல்லது ஊராட்சியின் பொறுப்பு. அதே கம்பத்தில் கம்பி தொங்கினால் மின்வாரியத்தின் பொறுப்பு. சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது; கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. மழைநீர் வடிகாலில் கழிவுநீர் கலக்கிறது என்று ஒரு புகார் வந்தால் இரண்டு அலுவலகமும் அதை மற்றவர் பக்கம் தள்ளும். ஊரின் நடுவே போகும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். அதில் உள்ள பள்ளத்துக்கு நகராட்சிக்கு எழுதிப் பயனில்லை.

அனுப்பும் முகவரியும் ஒரு காரணம். ஆணையரின் பொது மின்னஞ்சலுக்குப் போவது தபால் பிரிவைத் தாண்டி வார்டின் உதவிப் பொறியாளர் மேசைக்கு வர நாளாகும், வராமலும் போகும். புகாரின் வாசகமும் ஒரு காரணம். "நான்காவது குறுக்குத் தெருவில் விளக்கு எரியவில்லை" என்று வந்தால், இரவில் அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்க்காமல் எந்தக் கம்பம் என்று தெரியாது. வேலை செய்பவர் பகலில் வருகிறார். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படிவத்தில் கட்டாயமாக்கி, கம்பத்தின் படம் ஒன்றையும் கேட்டால் அதே புகார் வேலைக்கு ஆகும்.

இதுதான் நோய் என்றால் மூடும் முன் 90 நாள் சோதனை ஒன்று வையுங்கள். ஊர் முழுக்க வேண்டாம். ஒரே வார்டு, ஒரே வகைப் பிரச்சினை. தெருவிளக்கு நல்ல தேர்வு, ஏனென்றால் சரியானதா இல்லையா என்பதில் வாதத்துக்கு இடமில்லை. மற்ற எல்லா வார்டுக்கும் எல்லா வகைக்கும் படிவத்தை அன்றே நிறுத்திவிடுங்கள். உதவிப் பொறியாளரை நேரில் பார்த்து, எந்த வடிவத்தில் வந்தால் அவருக்கு வசதி என்று கேளுங்கள். வாரம் ஒருமுறை ஒரே தாளில் பட்டியல் வேண்டும் என்பார், அல்லது துறையின் சொந்த மென்பொருளில் ஏற்றிவிட்டு மனு எண்ணை மட்டும் தாருங்கள் என்பார். அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

சோதனை தொடங்கும் நாளிலேயே தேர்ச்சி அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். உதாரணமாக: 30 புகாரில் 20-க்கு ஒரு வாரத்துக்குள் மனு எண், 15-இல் வேலை முடிந்ததாகப் புகார் போட்டவரே சொல்ல வேண்டும். அளவு உங்கள் ஊருக்கு ஏற்ப மாறலாம்; 91-ஆவது நாளில் மாறக் கூடாது. 30 புகாரே வரவில்லை என்றால் அதுவும் விடைதான். "இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்" என்ற பேச்சுக்கு இடம் கொடுத்தால் அந்த மாதம் ஓர் ஆண்டாக நீளும்.

சுருக்கி நடத்துவதும் ஒரு வழிதான். வெள்ளை மாளிகை 2011 செப்டம்பரில் தொடங்கிய மனுத் தளத்தில் 30 நாளில் 5,000 கையெழுத்து சேர்ந்தால் பதில் உண்டு என்றார்கள். மனுக்கள் குவிந்தன. அளவு சில வாரங்களிலேயே 25,000 ஆயிற்று, 2013 ஜனவரியில் ஒரு லட்சம் ஆயிற்று. விமர்சனம் வந்தது உண்மை. ஆனாலும் பதில் சொல்ல முடிந்த அளவுக்கு வாக்கைக் குறைப்பது, பதிலில்லாமல் வாங்கிக் குவிப்பதைவிட நேர்மை.

நடத்த ஆள் இல்லை என்ற மூன்றாவது நோய்க்கு நேரக் கணக்கு போடுங்கள். ஒரு புகாரைப் படித்து, துறை பிரித்து, அனுப்பி, பின்தொடர்ந்து, போட்டவருக்குத் தகவல் சொல்ல 15 நிமிடம் என்றால், மாதம் 60 புகாருக்கு 15 மணி நேரம். இதை மூன்று பேர் எழுத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார் என்றால், அவர் மகளுக்குத் திருமணம் வரும் மாதத்தில் தளம் நிற்கும். சர்வர் வாடகையும் டொமைன் கட்டணமும் இந்த நேரத்தோடு ஒப்பிட்டால் சில்லறைதான். பணம் இல்லாததால் மூடுகிறோம் என்று சொல்லும் குழுக்களில் உண்மையில் தீர்ந்துபோனது ஆள்தான்.

வேறு யாரிடமாவது ஒப்படைக்கலாமா? குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டமைப்பு, உள்ளூர்க் கல்லூரி, நூலக வாசகர் வட்டம் என்று கேட்டுப் பார்க்கலாம். நிரலைத் தாராளமாகக் கொடுங்கள். ஆட்களின் பெயர், தொலைபேசி எண் அடங்கிய தரவுத்தளத்தைக் கொடுக்காதீர்கள். "நாங்க எடுத்து நடத்துறோம் சார்" என்று ஆர்வமாக முதலில் வருபவர் பெரும்பாலும் தேர்தலில் நிற்கப் போகிறவர். வார்டு வாரியாக, யாருக்கு என்ன குறை என்ற விவரத்தோடு ஒரு தொலைபேசிப் பட்டியல் அவருக்கு என்ன பெறும் என்று யோசித்துப் பாருங்கள். 2023-இல் நிறைவேறிய எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எதற்காக வாங்கினோமோ அந்த நோக்கம் முடிந்தால் தரவை அழிக்கச் சொல்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

முடிவெடுக்கும் கூட்டம்

சுருக்கமாகவே இருக்கட்டும். ஒன்றரை மணி நேரம், ஒரு பக்கத் தாள், அதில் நாற்பது புகாரின் அட்டவணையும் சோதனை முடிவும் நேரக் கணக்கும். தளத்தைக் கட்டியவர் தலைமை தாங்க வேண்டாம். படிவம், பதிவுகள், டொமைன், அமைப்பு என்று நான்கு தீர்மானம் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதியும் ஒரு பொறுப்பாளர் பெயரும் எழுதிவிட்டுக் கலையுங்கள்.

மூடுவது என்று முடிவானால்

சிகாகோ உட்படப் பல அமெரிக்க நகரங்களில் தெரு வாரியாகச் செய்தியும் அக்கம்பக்கத்தார் உரையாடலும் நடந்த எவ்ரிபிளாக் தளத்தை 2013 பிப்ரவரியில் அதன் உரிமையாளர் நிறுவனம் முன்னறிவிப்பே இல்லாமல் மூடியது. ஒரு காலைப் பொழுதில் முகவரியைத் திறந்தவர்களுக்கு மூடல் அறிவிப்பு மட்டுமே தெரிந்தது. மூடியதைவிட மூடிய விதம்தான் மக்களுக்குக் கோபத்தைக் கிளப்பியது. குறைந்தது 60 நாள் கொடுங்கள்.

முதல் நாள் படிவத்தை மட்டும் நிறுத்துங்கள். அந்தப் பக்கத்தை அழிக்க வேண்டாம். படிவம் இருந்த இடத்தில் எந்தப் பிரச்சினைக்கு எங்கே போக வேண்டும் என்று எழுதுங்கள். மாநகராட்சி என்றால் எந்த எண், மின்சாரம் என்றால் எது, எதிலும் சேராதது என்றால் 1100. கிராமம் என்றால் கிராம சபை நாட்களையும் போடுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

பிறகு நிலுவையில் கிடக்கும் புகார்கள். இதைத்தான் பெரும்பாலான குழுக்கள் பூசி மெழுகிவிடுகின்றன. ஒவ்வொரு நிலுவைப் புகாரையும் ஒன்று அதிகாரப்பூர்வ வழியில் ஏற்றி மனு எண் வாங்கிக் கொடுக்க வேண்டும், அல்லது அனுப்பவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். "உங்கள் ஆதரவுக்கு நன்றி" என்று தொடங்கும் அறிவிப்பால் யாருக்கும் பயனில்லை. இப்படி இருக்கலாம்:

"செப்டம்பர் 30-க்குப் பிறகு இத்தளம் புகார் வாங்காது. உங்கள் புகார்களில் இரண்டு நகராட்சிக்கு அனுப்பப்பட்டுள்ளன. மனு எண்கள் கீழே உள்ளன. மூன்றாவது (குடிநீர், 12-ஆம் வார்டு) அனுப்பப்படவில்லை. அதை நீங்களே 1100-இல் பதிவு செய்ய வேண்டும்."

எஸ்எம்எஸ்ஸில் அனுப்புவதானால் இரண்டு விஷயம். ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும் இடத்தில் தமிழில் 70 குறிதான் போகும். நீண்டால் 67 குறிக்கு ஒன்று என்று துண்டாகும், துண்டுக்குத் துண்டு காசு. "கு" என்பதே இரண்டு குறியாக எண்ணப்படும். அடுத்து, மொத்தமாக அனுப்பும் வாசகம் டிஎல்டி தளத்தில் (மொத்த எஸ்எம்எஸ் அனுப்புவோரும் வாசகங்களும் பதிவாகும் இடம்) முன்கூட்டியே ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். பழைய வாசகத்துக்கு வாங்கிய ஒப்புதல் மூடல் அறிவிப்புக்குச் செல்லாது. எஸ்எம்எஸ் கணக்கு உயிரோடு இருக்கும்போதே புதிய வாசகத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

தளத்துக்காக யாராவது தகவல் உரிமை மனு போட்டிருந்தால் அதையும் தேடி எடுங்கள். பதிலுக்கு 30 நாள், பதில் வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், இரண்டாவதற்கு 90 நாள். மனு போட்டவர் பெயரில்தான் எல்லாம் நடக்கும் என்பதால், தளம் மூடினாலும் அவர் தொடரலாம். கோப்பு அவர் கைக்குப் போனால் போதும்.

பழைய பதிவுகளை வைத்திருப்பது

எந்த வார்டில் எந்தப் பிரச்சினை எத்தனை முறை வந்தது, எத்தனை நாளில் தீர்ந்தது என்ற பதிவு ஊருக்குப் பின்னாளில் பயன்படும். அதனால் தளத்தின் நிலையான நகல் ஒன்றை எடுத்து, தரவுத்தளமோ உள்நுழைவோ இல்லாத வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக வையுங்கள். இதற்கு இலவசமாகவே இடம் கிடைக்கும், பராமரிப்பும் இல்லை, உடைத்து நுழையவும் எதுவும் இருக்காது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினிலும் முக்கியப் பக்கங்களைச் சேமித்துவிடுங்கள்.

நகல் எடுக்கும் முன் பெயர், தொலைபேசி எண், வீட்டு எண் எல்லாவற்றையும் நீக்க வேண்டும். கட்டங்களில் இருப்பதை நீக்குவது சுலபம். சிக்கல் வாசகத்துக்குள் இருக்கும்: "எதிர்வீட்டுக்காரர் செப்டிக் டேங்க் தண்ணீரைத் தெருவில் விடுகிறார்" என்ற ஒரு வரியும் தெருப் பெயரும் சேர்ந்தால் ஆள் யார் என்று ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட வாசகங்களை முழுதாக எடுத்துவிட்டு வார்டு, தேதி, வகை, முடிவு ஆகியவற்றை மட்டும் விடுங்கள். படங்களில் முகமும் வண்டி எண்ணும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் ஜிபிஎஸ் குறிப்பும் கோப்புக்குள் இருக்கும். சந்தேகமானால் படங்களையே விட்டுவிடலாம்.

புள்ளிவிவரத்தை சிஎஸ்வி (எளிய அட்டவணைக்) கோப்பாகக் கொடுக்கும்போது யூடிஎஃப்-8 பிஓஎம் (எந்த எழுத்துமுறை என்று கோப்பின் தொடக்கத்தில் காட்டும் குறி) சேர்த்துச் சேமியுங்கள். இல்லாவிட்டால் எக்செலில் நேரடியாகத் திறப்பவருக்குத் தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரியும். பழைய பக்கங்கள் யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி அல்லது பாமினி எழுத்துருவில் இருந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றுங்கள். பிறகு யாரும் செய்யப் போவதில்லை.

பக்க முகவரிகள் மாறாமல் இருக்கட்டும். எல்லாப் பழைய இணைப்புகளையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது சோம்பேறி வேலை. அதே பணியைச் செய்யும் வேறு தளம் இருந்தால், அங்கே திருப்பலாம். அமெரிக்க நாடாளுமன்ற மசோதாக்களைப் பின்தொடர உதவிய ஓப்பன்காங்கிரஸ், 2016 மார்ச் 1 அன்று மூடியபோது வாசகர்களை அதே பணியைச் செய்யும் கவ்ட்ராக் தளத்துக்குத் திருப்பிவிட்டது.

டொமைனும் மற்ற சாவிகளும்

டொமைனைக் கடைசியில்தான் விட வேண்டும். ஐந்தாண்டுக்காவது முன்பணம் கட்டி வையுங்கள். உங்கள் முகவரி சுவர் விளம்பரத்திலும் நாளிதழ்ச் செய்தியிலும் அரசு அலுவலகக் கடிதத்திலும் ஏறியிருக்கும். காலாவதியானால், சலுகைக் காலமும் மீட்புக் காலமும் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நல்ல பெயரும் பழைய இணைப்புகளும் உள்ள டொமைனுக்குச் சூதாட்டத் தளக்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

அதைவிட ஆபத்து மின்னஞ்சலில் இருக்கிறது. வங்கி, பணப் பரிமாற்ற நுழைவாயில் (பேமென்ட் கேட்வே), ஃபேஸ்புக் பக்கம், சர்வர் கணக்கு என்று எல்லாமே அந்த டொமைனில் இருக்கும் ஒரு முகவரியில் பதிவாகியிருக்கும். டொமைனை வாங்கியவர் அதே முகவரியை உருவாக்கி, கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்று அழுத்தினால் கணக்குகள் அவர் கைக்குப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு கணக்கிலும் மின்னஞ்சலை மாற்றிய பிறகே டொமைனைக் கைவிடுவது பற்றிப் பேச வேண்டும். உதவி எண்ணாகப் போட்ட சிம்முக்கும் இதே கதிதான்: 90 நாள் பயன்பாடு இல்லாவிட்டால் நிறுவனம் அதை நிறுத்தலாம், பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போகும், சாக்கடைப் புகார் எல்லாம் அவருக்கு வரும். அறிவிப்பு மக்களைச் சென்றடையும் வரை எண்ணை உயிரோடு வைத்திருங்கள்.

பணம் வரும் வழிகளையும் அடையுங்கள். யூபிஐ க்யூஆர் படம் துண்டுப் பிரசுரங்களிலும் பழைய பதிவுகளிலும் சுற்றிக்கொண்டிருக்கும். மாதச் சந்தாக்கள் தானாகக் கழிந்துகொண்டிருக்கும். சந்தாக்களை நுழைவாயில் கணக்கிலிருந்து நீங்களே ரத்து செய்யுங்கள், கொடுப்பவர் செய்வார் என்று விடாதீர்கள். திட்டத்துக்கென்று வந்த நன்கொடையில் மிச்சம் இருந்தால், என்ன செய்வது என்று கொடுத்தவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

தளம் மூடியதால் சங்கமோ அறக்கட்டளையோ கலைந்துவிடாது. அந்த நிதியாண்டின் தணிக்கையும் வருமான வரிக் கணக்கும் வழக்கம்போல் தாக்கலாக வேண்டும். வங்கிக் கணக்கை அதற்குப் பிறகு மூடுங்கள்; சந்தா ரத்தானவர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய தொகை சில வாரம் கழித்தும் வரும், அப்போது கணக்கு இல்லையென்றால் பணம் நுழைவாயிலில் சிக்கிக்கொள்ளும்.